எர்ரர் இல்லை, மெசேஜும் இல்லை: கேமல் ரூட்களில் எங்கே தேடுவது?

அப்பாச்சி கேமல் என்பது வெவ்வேறு சிஸ்டங்களுக்கு நடுவே மெசேஜ்களைக் கொண்டுசேர்க்கும் ஜாவா கட்டமைப்பு; மெசேஜ் போகும் வழிதான் ரூட். அதில் ஒரு ரூட் எக்ஸெப்ஷன் அடித்து நின்றுவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரிதான். லாகில் ஸ்டாக் டிரேஸ் இருக்கும், பிடித்துவிடலாம். சிரமம் கொடுப்பது வேறு வகை. எல்லா ரூட்டும் ஓடுகிறது, லாகில் எதுவும் இல்லை, ஆர்டர் அனுப்பியவருக்கு 200 (வெற்றி) என்று பதிலும் போயிருக்கிறது. ஆனால் பில்லிங் சிஸ்டத்தில் அந்த ஆர்டரே இல்லை. ஒருங்கிணைப்பு வேலையில் என் கைக்கு வரும் சிக்கல்களில் அதிக நேரம் தின்பவை இவைதான்.

இந்த நேரத்தில் எல்லோரும் ரூட் கோடைத் திறந்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். இங்கிருந்து எடு, இப்படி இருந்தால் அங்கே அனுப்பு என்று கேமல் ரூட் வாக்கியம் போலவே ஓடும். எத்தனை முறை படித்தாலும் சரியாகவே தெரியும். மெசேஜ் எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பதில் பாதி அந்தக் கோடில் இல்லை. மெசேஜைச் சுமந்து செல்லும் எக்ஸ்சேஞ்சுக்குள் இருக்கும் பாடி (உள்ளடக்கம்), ஹெடர்கள் (கூடவே வரும் குறிப்புகள்), பிராப்பர்ட்டிகளில் இருக்கிறது. அதனால் முதலில் சந்தேகப்படும் இடத்துக்கு முன்னும் பின்னும் ஒரு லாக் எண்ட்பாயிண்ட் (மெசேஜை லாகில் எழுதும் படி) வைத்து, 'ஷோ ஆல்' கொடுத்து, அந்த நொடியில் எக்ஸ்சேஞ்சில் என்னதான் இருக்கிறது என்று பாருங்கள். உற்பத்திச் சூழலில் பாடியை அணைத்துவிட்டு ஹெடர்களை மட்டும் காட்டச் சொல்லுங்கள். அதிலும் ஆத்தரைசேஷன் ஹெடர் அப்படியே லாகில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் விவரமும் டோக்கனும் லாக் ஃபைலில் கிடப்பது, தேடிக்கொண்டிருக்கும் கோளாறைவிடப் பெரிய கோளாறு.

அப்படிப் பார்க்கும்போது அடிக்கடி கண்ணில் படுவது ஹெச்டிடிபி ஹெடர்கள். ஒரு ரூட் ஹெச்டிடிபி வழியாகக் கோரிக்கையை வாங்கி, நடுவில் வேறொரு சர்வீஸை ஹெச்டிடிபி மூலமே கூப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த சர்வீஸ் 404 (அப்படி ஒரு முகவரி இல்லை) தருகிறது, அல்லது 405 (இந்த மெத்தட் செல்லாது). கோடில் உள்ள முகவரியைத் தனியாக அடித்துப் பார்த்தால் நன்றாக வேலை செய்கிறது. நடந்தது இதுதான்: உள்ளே வந்த கோரிக்கையின் பாதை, குவெரி, மெத்தட் எல்லாவற்றையும் கேமல் தன் பெயரில் தொடங்கும் ஹெடர்களாக எக்ஸ்சேஞ்சில் வைக்கிறது. அவை ரூட் முழுக்கக் கூடவே வருகின்றன. வெளியே கூப்பிடும் ஹெச்டிடிபி கம்போனன்ட், அதே ஹெடர்களைத் தனக்கான கட்டளை என்று எடுத்துக்கொள்கிறது. பழைய பாதை புதிய முகவரியின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே வந்தது கெட் என்றால், போஸ்ட் ஆகப் போக வேண்டியதும் கெட் ஆகவே போகிறது.

வெளி சர்வீஸைக் கூப்பிடுவதற்கு முந்தைய வரியில் 'கேமல்ஹெச்டிடிபி' என்று தொடங்கும் ஹெடர்களை எல்லாம் ரிமூவ் ஹெடர்ஸ் கொண்டு நீக்கிவிடுங்கள். 'பிரிட்ஜ் எண்ட்பாயிண்ட்' என்ற ஆப்ஷனை இதற்கு மாற்றாகப் பலர் போடுகிறார்கள். அது வந்த கோரிக்கையை அப்படியே மறுபக்கம் தள்ளிவிடும் பிராக்ஸி வேலைக்கானது. முகவரியை மாற்றும் ஹெடரைத்தான் அது ஒதுக்கும். பாதையும் குவெரியும் பின்தொடரத்தான் செய்யும்.

இதே ஹெடர் விஷயத்தில் பாதுகாப்புப் பக்கமும் உண்டு. 2025 மார்ச்சில் வெளியான சிவிஇ-2025-27636 என்ற பலவீனம் இதைச் சேர்ந்ததுதான். வெளியிலிருந்து வரும் கோரிக்கையில் கேமலின் உள் ஹெடர்கள் இருந்தால் தடுக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் கலந்து எழுதினால் அந்த வடிகட்டியைத் தாண்டிவிட முடிந்தது. உள்ளே போனபின் கேமல் ஹெடர் பெயர்களில் எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. ஜாவா கோடைக் கூப்பிடும் பீன் கம்போனன்ட் எந்த ஜாவா மெத்தடைக் கூப்பிட வேண்டும் என்பதையே வெளியாள் மாற்ற வழி கிடைத்தது. 4.10.2, 4.8.5, 3.22.4 பதிப்புகளில் சரிசெய்திருக்கிறார்கள். இதற்கு முந்தைய பதிப்பில் ஓடுகிற, வெளியே திறந்த ரூட் உங்களிடம் இருந்தால் மேம்படுத்தலைத் தள்ளிப் போடாதீர்கள்.

சரி, பாடிக்கு வருவோம். வெளியிலிருந்து வரும் பாடி பல நேரங்களில் ஸ்ட்ரீம். ஒருமுறை படித்தால் தீர்ந்துவிடும். நிபந்தனை பார்த்துப் பாதை பிரிக்கும் சாய்ஸில் முதல் நிபந்தனையான 'வென்' எக்ஸ்பாத் (எக்ஸ்எம்எல்லுக்குள் தேடும் மொழி) வைத்து அதைப் படிக்கிறது, பொருந்தவில்லை. இரண்டாவது 'வென்' வரும்போது படிக்க எதுவும் மிச்சமில்லை. ஸ்ட்ரீமைப் படித்துக் காட்டும் ஒரு லாக் வரியைச் சேர்த்தாலும் இதே கதி. அதாவது தேடுவதற்காக வைத்த வரியே புதுக் கோளாறு ஆகும். கேமல் 3.17 முதல், ஸ்ட்ரீமைத் திரும்பப் படிக்கும்படி சேமித்து வைக்கும் ஸ்ட்ரீம் கேச்சிங் இயல்பாகவே இயங்குகிறது. அதற்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள் தாங்களே இயக்க வேண்டும்.

எக்ஸ்பாத் என்றதும் இன்னொன்று: எக்ஸ்எம்எல்லில் டிஃபால்ட் நேம்ஸ்பேஸ் (டேக் பெயர்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்ற அறிவிப்பு) இருந்து, நீங்கள் அதை எக்ஸ்பாத்தில் அறிவிக்காவிட்டால் எர்ரர் வராது. பொருந்தவில்லை என்று மட்டும் முடிவாகும். ரூட்டின் நடுவே மெசேஜை மாற்ற ஜாவாவில் எழுதிய பழைய பிராசஸர்களில் 'கெட் அவுட்' வைத்து பாடியை எழுதியிருந்தாலும் கவனியுங்கள். அவுட் மெசேஜ் புதியது, பழைய ஹெடர்கள் அதில் இருக்காது. அந்த ஹெடரை நம்பி இரண்டு படி தள்ளி இருக்கும் சாய்ஸ் பிறகு தடம் மாறும். கேமல் 3 வந்ததிலிருந்து 'கெட் மெசேஜ்' பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

சாய்ஸில் எந்த 'வென்'னும் பொருந்தாமல், எதுவும் பொருந்தாதபோது ஓடும் 'அதர்வைஸ்' பகுதியும் இல்லாவிட்டால் கேமல் குறை சொல்லாது. மெசேஜ் சாய்ஸைத் தாண்டி அடுத்த படிக்குப் போய்விடும், அடுத்த படி இல்லையென்றால் வெற்றிகரமாக முடிந்ததாகக் கணக்காகும். கோட் ரிவ்யூவில் நான் விட்டுக்கொடுக்காத இடம் இது. ஒவ்வொரு சாய்ஸிலும் அதர்வைஸ் வேண்டும். அது எக்ஸெப்ஷன் எறியட்டும், இல்லையென்றால் யாராவது தினமும் பார்க்கும் ஒரு க்யூவுக்கு அனுப்பட்டும்.

கான்ஃபிகரேஷனில் கேமல் கொஞ்சம் கண்டிப்பு. எண்ட்பாயிண்ட் முகவரியில் ஆப்ஷன் பெயரைத் தப்பாக அடித்தால் தொடங்கும்போதே நிறுத்தி, தெரியாத பாராமீட்டர் எது என்று பெயரோடு சொல்லும். கம்போனன்ட் கிடைக்கவில்லை என்று வந்தால் அதற்கான ஜார் (ஜாவா லைப்ரரி ஃபைல்) இல்லை என்று அர்த்தம். ஆனால் ஹெச்டிடிபி கம்போனன்டில் இந்தக் கண்டிப்பு இல்லை. அங்கே தனக்குத் தெரியாத பாராமீட்டரை எல்லாம் எதிர்முனை சர்வருக்கான குவெரி என்று நினைத்து அனுப்பிவிடும். டைம்அவுட் ஆப்ஷனில் ஒரு எழுத்து மாறினால், டைம்அவுட் இயங்காது. அந்தத் தப்பான சொல் அடுத்தவர் சர்வரின் லாகில் போய் உட்கார்ந்திருக்கும்.

பாஸ்வேர்டில் + அல்லது & இருந்து லாகின் தோற்றால் மதிப்பை 'ரா' அடைப்புக்குள் வையுங்கள். முகவரிக்குள் ஹெடர் மதிப்பைப் பொருத்த வேண்டுமென்றால் மெசேஜை அனுப்பும் 'டூ' போதாது, 'டூ டி' வேண்டும்.

ஃபைல் கம்போனன்டில் ஃபைல் காணாமல் போய்விட்டது என்று யாராவது சொன்னால், அதே ஃபோல்டருக்குள் புள்ளியோடு தொடங்கும் கேமல் என்ற மறைந்த ஃபோல்டரைத் திறந்து காட்டுங்கள். முடித்த ஃபைலை அங்கேதான் நகர்த்தும்.

எர்ரர் ஹேண்ட்லரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய இழப்புகள் இங்கேதான் ஒளிந்திருக்கின்றன. தோற்ற மெசேஜ்களை ஒதுக்கி வைக்கும் க்யூவான டெட் லெட்டர் சேனலுக்கு ஒரு மெசேஜ் போய்விட்டால் கேமலைப் பொறுத்தவரை அது கையாளப்பட்டுவிட்டது. அனுப்பியவருக்குத் தோல்வி தெரியாது. அந்த க்யூவை யாரும் கண்காணிக்கவில்லை என்றால் மெசேஜை வீசி எறிந்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. ஒரு ரூட் பில்டருக்குள் (ரூட்களை எழுதும் ஜாவா கிளாஸ்) எழுதிய 'ஆன் எக்ஸெப்ஷன்' பக்கத்து ரூட் பில்டரில் இருக்கும் ரூட்டுக்குப் பொருந்தாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. அப்புறம் சேடா. வேகத்துக்காக நடுவில் அதைச் சேர்க்கிறார்கள். சேடா நினைவகத்தில் இருக்கும் க்யூ. பதில் எதிர்பார்க்காத மெசேஜ் என்றால் க்யூவில் விழுந்தவுடனேயே முந்தைய ரூட் வெற்றி என்று முடிந்துவிடும், மறுபக்கம் வேறு திரெட். டிரான்ஸாக்‌ஷன் அந்த இடத்தோடு அறுந்துபோகும், ஜேவிஎம் (ஜாவா ஓடும் சூழல்) விழுந்தால் க்யூவில் இருந்ததும் போகும். பணமோ மருத்துவத் தகவலோ போகும் ரூட்டில் சேடாவைப் பார்த்தால் நான் காரணம் கேட்பேன்.

தேடல் சுலபமாக வேண்டுமென்றால் எல்லா ரூட்டுக்கும், முக்கியமான படிகளுக்கும் ஐடி கொடுத்து வையுங்கள். ரூட்1, ரூட்2 என்ற தானியங்கிப் பெயர்கள் நள்ளிரவில் எதற்கும் உதவாது. கேமல் 3 முதல் மெசேஜ் ஹிஸ்டரி இயல்பில் அணைந்திருக்கிறது. சோதனைச் சூழலில் அதை இயக்கினால், எக்ஸெப்ஷன் வரும்போது மெசேஜ் எந்தெந்தப் படியைத் தாண்டி வந்தது என்று அட்டவணையாகவே லாகில் கிடைக்கும்.

டெஸ்ட் எழுதும்போது, போக வேண்டிய இடத்துக்கு மெசேஜ் போனதா என்று பார்த்தால் போதாது. போகக்கூடாத இடத்திலும் ஒரு மாக் (வந்த மெசேஜ்களை எண்ணும் போலி எண்ட்பாயிண்ட்) வைத்து, பூஜ்ஜியம் மெசேஜ் எதிர்பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் சேடா போல வேறு திரெட் இருந்தால் கவனம் தேவை: மெசேஜ் வந்து சேர்வதற்கு முன்பே அந்தப் பூஜ்ஜியம் சரியாகிவிடும், டெஸ்ட் பச்சையாகத் தெரியும். அதற்குத்தான் மாக்கில் அசர்ட் பீரியட் இருக்கிறது. அதைக் கொடுத்துக் கொஞ்சம் காத்திருக்க வையுங்கள்.