வேலியோர நீலப் பூவின் உறவுச் செடி

குன்னூர்ப் பக்கம் வேலியோரமாகப் பந்து பந்தாக நீலத்தில் பூத்திருக்குமே ஹைட்ரேஞ்சியா, அதன் குடும்பத்தைச் சேர்ந்தது சாங்ஷான். சீனாவில் மலேரியாக் காய்ச்சலுக்கு அதன் வேரைக் காலங்காலமாகக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். அதே காய்ச்சலுக்காகத்தான் 1860களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனா நட்டார்கள். ஆனால் சின்கோனாப் பட்டையிலிருந்து எடுக்கும் குயினைனின் வழி வேறு. சாங்ஷானில் இருக்கும் ஃபெப்ரிஃப்யூஜின் என்ற வேதிப்பொருள், புரதம் கட்ட உதவும் நொதி ஒன்றின் மேல் கைவைக்கிறது.

அந்த நொதிகளுக்கு என்ன வேலை? குன்னூர் பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரி ஆளைக் கோத்தகிரி பஸ்ஸிலும், மஞ்சூர் ஆளை மஞ்சூர் பஸ்ஸிலும் ஏற்றிவிடத் தனித்தனி ஆள் நிற்கிறார் என்று வையுங்கள். செல்லுக்குள் பஸ் என்பது டிஆர்என்ஏ என்ற மூலக்கூறு, பயணி புரதத்தின் கட்டுமானத் துண்டான அமினோ அமிலம், போய்ச் சேரும் ஊர் புரதம் கட்டும் இடம். அமினோ அமிலம் 20 வகை, ஒவ்வொன்றையும் ஏற்றிவிடத் தனி நொதி. ஆள் மாறி ஏறினால் புரதமே கோணலாகிவிடும். வேலின் என்ற அமிலம் ஐசோலூசினைவிட ஒரே ஒரு கார்பன்தான் குறைவு. தெரியாமல் ஏறிவிட்டால்கூட, ஐசோலூசின் நொதி தன்னிடமுள்ள இன்னொரு குழியில் வைத்துச் சரிபார்த்து அதைக் கழற்றிவிடுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

பாக்டீரியாவுக்கும் இந்த நொதிகள் உண்டு, அமைப்பில் சற்று வித்தியாசம். தோல் புண்ணுக்குத் தடவும் மியூபிரோசின் களிம்பு, பாக்டீரியாவின் ஐசோலூசின் நொதியில் போய் அடைத்துக்கொள்ளும். நம் நொதியில் அது சரியாகப் பொருந்தாது. அதனால் கிருமி சாகிறது, நமக்கு ஒன்றும் ஆவதில்லை.

சரி, நம் நொதியையே பிடித்தால்? ஃபெப்ரிஃப்யூஜின் கடுமையாக வாந்தி எடுக்க வைத்ததால் மருந்தாக நிலைக்கவில்லை. அதை மாற்றிச் செய்ததுதான் ஹாலோஃப்யூஜினோன். மனிதச் செல்லில் புரோலின் என்ற அமினோ அமிலத்தை ஏற்றிவிடும் நொதியை அது பிடிக்கிறது என்று 2012இல் தெரிந்தது. புரோலின் உட்காரும் இடம், டிஆர்என்ஏயின் நுனி வந்து சேரும் இடம், இரண்டையும் ஒருசேர மறித்துக்கொள்கிறது.

நுரையீரல் தழும்பேறி இறுகும் நோயில், தழும்பில் நாராகப் படியும் கொலாஜன் அளவுக்கு மீறிச் சேர்கிறது. கொலாஜனோ புரோலின் நிறைந்த புரதம். புரோலின் வருவது குறைந்தால் தழும்பு போடும் வேகமும் குறையும் என்பது கணக்கு. இந்த நொதியைக் குறிவைக்கும் மருந்துகளை அந்த நோயாளிகளிடம் சோதித்து வருகிறார்கள். முழுக்க நிறுத்தினால் உடம்பில் வேறு புரதமும் கட்ட முடியாது, கொஞ்சம் தணித்தால் மட்டும் போதும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.