உரித்தலா, உதிர்த்தலா? டைனோசர் தோலுக்கு ஏற்ற சொல்

எக்டைசிஸ் கிரேக்கச் சொல். உடுத்திய துணியைக் களைவது என்று பொருள். பூச்சியும் நண்டும் பாம்பும் பழைய மேலுறையைக் கழற்றிப் போடுவதை உயிரியலில் இப்படிச் சொல்வார்கள். தமிழும் அதே உடுப்பைத்தான் நினைத்திருக்கிறது: பாம்பு சட்டை உரிக்கிறது. பொருநராற்றுப்படை அதைத் திருப்பிப் போட்டு, பரிசாகத் தந்த நுண்ணிய ஆடையை ‘அரவுரி அன்ன அறுவை’ என்கிறது. அரவு பாம்பு, அறுவை துணி.

எக்டைசிஸுக்கு வழக்கமாகத் தரப்படும் தமிழ் ‘தோலுரித்தல்’. பாம்புக்கு இது கச்சிதம். அடியில் புதுத் தோல் முழுவதும் உருவாகி, இரண்டுக்கும் நடுவே திரவம் ஊறும். கண் நீலம் பாய்ந்து மங்கும். பின் உதட்டோரம் கிழிந்து, காலுறையைக் கழற்றுவதுபோல் உள்புறம் வெளியாகப் புரண்டு வரும். காற்றில் ஈரம் போதாவிட்டால் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும்; கண்ணின் மேல் மூடியும் கழலாமல் தங்கிவிடும்.

டைனோசருக்கு இந்தச் சொல் பொருந்தாது. 1842-இல் ஆங்கிலேய உயிரியலாளர் ரிச்சர்ட் ஓவன் கிரேக்கத்தில் ‘அச்சமூட்டும் பல்லி’ என்று பெயர் வைத்ததுதான் நம்மைப் பல்லி, பாம்புப் பக்கம் இழுக்கிறது. 2018-இல் புதைபடிவ ஆய்வாளர் மரியா மெக்னமாரா குழுவினர், சீனாவில் கிடைத்த ஏறத்தாழ 12.5 கோடி ஆண்டுப் பழைமையான மைக்ரோராப்டர், பெய்ப்பியாவோசாரஸ், சினோர்னித்தோசாரஸ் ஆகிய இறகுள்ள டைனோசர்களின் புதைபடிவங்களில் பொடுகைக் கண்டார்கள். ஆம், பொடுகேதான்: கெரட்டின் (தோல், நகம், முடியில் உள்ள புரதம்) இழைகள் சுருளாக நெருங்கிய, உலர்ந்து செத்த செல்கள், இறகுகளுக்கிடையே சிதறிக் கிடந்தன. இன்றைய பறவையின் பொடுகில் கெரட்டின் தளர்வாக இருக்கும், கொழுப்பும் சேர்ந்திருக்கும். பறக்கும்போது உடற்சூட்டை வெளியேற்ற அது உதவும். இந்த டைனோசர்களின் பொடுகில் அந்த அமைப்பு இல்லை.

ஆகவே தோலுதிர்வு என்பதே சரி. உரித்தல் ஒரே உறையாகக் கழல்வது, உதிர்தல் கொஞ்சம் கொஞ்சமாக விழுவது. வேறுபாட்டைத் தமிழ் வினையே சொல்லிவிடுகிறது. இறகில்லாத, செதில் மூடிய பெரிய டைனோசர்களுக்கு இந்தப் பொடுகுச் சான்று நேரடியாகப் பேசாது. ஆனால் உயிரோடிருக்கும் நெருங்கிய உறவான முதலையும் செதில் செதிலாகத்தான் உதிர்க்கிறது, சட்டையாக உரிப்பதில்லை.

பறவை இறகு மாற்றுவதை இறகுதிர்ப்பு என்கிறோம். மைக்ரோராப்டரும் சிறகு இறகுகளை வரிசை முறையில் உதிர்த்து மாற்றியதற்குப் புதைபடிவச் சான்று உண்டு. தோலுக்கும் இறகுக்கும் ஒரே வினை போதும்.