காரை இறக்கலாம், ஸ்பிரிங் தளரக் கூடாது

போன மாதம் ஒரு கார் வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல்கூட நுழையாது. காரைத் தாழ்த்துவதற்காக, உயரத்தை மாற்றிக்கொள்ளும் காயில்ஓவர் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த செட்) வாங்கி, உரிமையாளரே மாட்டியிருக்கிறார். புகார் ஒன்றுதான்: வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் 'டொக்' என்று சத்தம். லிஃப்டில் ஏற்றினேன். சக்கரங்கள் தொங்கியதும் முன் ஸ்பிரிங்கைக் கையால் சுற்றிப் பார்த்தேன், தாராளமாகச் சுற்றியது. அதன் மேல் நுனி உட்கார வேண்டிய இடத்தைவிட்டு நகர்ந்து, பக்கத்தில் பளபளவென்று ஒரு தேய்ந்த தடம்.

வண்டி தரையில் நிற்கும்போது இது தெரியாது, பாரம் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்திருக்கும். பள்ளத்தில் சக்கரம் ஒரு நொடி தொங்கினால் போதும், தளர்ந்த ஸ்பிரிங் இடம் மாறிவிடும். அடுத்த நொடி மொத்தப் பாரமும் கோணலாக நிற்கும் ஸ்பிரிங்மேல் வந்து இறங்கும்.

காயில்ஓவரில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை மரையில் கீழே இறக்கினால்தான் வண்டி இறங்கும். இதில் எல்லை என்பது, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளரும் புள்ளி. அதற்குக் கீழே போக வேண்டுமென்றால் உதவி ஸ்பிரிங் வேண்டும். மெல்லிய, வலுவில்லாத அந்த ஸ்பிரிங்குக்கு முக்கிய ஸ்பிரிங்கை இடத்தில் பிடித்து வைப்பது மட்டும்தான் வேலை. இன்னொரு வகையில் அடி பிராக்கெட்டே மரையில் ஏறி இறங்கும். ஸ்பிரிங்கைத் தொடாமல் உயரம் மாறுவதால் இதுதான் நல்லது என்பேன். ஆனால் இதிலும் ஒரு சிக்கல்: ஷாக் அமுங்க இடம் இருக்கும், டயர் மேலே ஏற இடம் இருக்காது. உள் மட்கார்டு பிளாஸ்டிக்கை டயர் தின்றுவிட்ட வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் வகையில் பறிபோவது அமுங்கும் தூரம். ஷாக்கின் கடைசித் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் முட்டும்வரை 60 மி.மீ. இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாக் நேராகச் சக்கரத்தோடு இருக்கும் வண்டியை 40 இறக்கினால் மிச்சம் ஏறக்குறைய 20. நான்கு பேர் ஏறி உட்கார்ந்தாலே அதில் பெரும்பகுதி போய்விடும். ஷாக்கின் தண்டில் ஒரு சின்ன கேபிள் டையைச் சுற்றி, ஷாக்கின் குழாயோடு ஒட்டித் தள்ளிவிட்டு, வழக்கமான சாலையில் ஓட்டிப் பாருங்கள். டை எதுவரை ஏறியிருக்கிறதோ அதுவரை ஷாக் அமுங்கியிருக்கிறது. பம்ப் ஸ்டாப்பைத் தொட்டுக்கொண்டு நின்றால் மறுபேச்சு வேண்டாம், உயர்த்துங்கள்.

தினமும் ஓட்டும் வண்டியை 25, 30 மி.மீ. இறக்கினால் போதும் என்பது என் கணக்கு. தாழ்ந்த வண்டி வளைவில் கண்டிப்பாகக் குறைவாகச் சாயும் என்று நினைப்பவர்கள் அதிகம், எப்போதும் அப்படியில்லை. முன்பக்கம் ஸ்ட்ரட் வகையாக (ஷாக்கே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் அமைப்பு) இருந்து, சக்கரத்தை வண்டியின் அடியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேலே சாயும் அளவுக்கு இறக்கினால், வண்டி எந்த மையத்தைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த மையம் உடலைவிட வேகமாகக் கீழே போய்விடும். சாய்க்கும் நெம்பு நீளமாகிவிடும். அப்புறம் அதை அடக்க இன்னும் கெட்டியான ஸ்பிரிங் தேட வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலையிலும் அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று ஏமாற்றும். தூக்கிய வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கியை நம்பி அடியில் கை விடக் கூடாது. மரையைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு, ஸ்பிரிங் வளையத்தை நகராமல் பிடிக்கும் பூட்டு வளையத்தை முதலில் தளர்த்தி, பிறகு ஸ்பிரிங் வளையத்தைச் சுற்றுங்கள். மணலோடு சுற்றினால் மரை அங்கேயே கடித்துப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் சக்கரத்தைவிட்டு உள்ளே தள்ளி இருக்கும் பின்பக்க அமைப்பில், வளையம் 10 மி.மீ. இறங்கினால் வண்டி அதைவிட அதிகம் இறங்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக.

தரையில் இறக்கியதும் அளக்காதீர்கள். டயர் பக்கவாட்டில் தரையைப் பிடித்துக்கொண்டு உடலைத் தூக்கியே வைத்திருக்கும். சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளந்தால்தான் உண்மையான எண் வரும். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளையும் வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

ஸ்பிரிங்கை வெட்டித் தரச் சொல்லியோ, காஸ் வைத்துச் சூடாக்கி இறக்கச் சொல்லியோ வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். சூடு பட்ட ஸ்பிரிங்கின் பதம் போனது போனதுதான்.

உயரம் மாறினால் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறும், கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) மாறும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயரின் உள் விளிம்பு தேய்ந்து கம்பி தெரியும், வெளியிலிருந்து பார்த்தால் புது டயர் மாதிரி இருக்கும். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் எங்காவது உரசுகிறதா என்று ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் அதிகம் இறங்கியிருந்தால் ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணுக்கு ஏறும்.

பலரும் மறப்பது இன்னொன்று. சில பழைய வண்டிகளில் பின் ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு இருக்கும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து, டிக்கியில் எவ்வளவு சுமை என்று அது கணக்குப் போடும். நீங்கள் இறக்கியது அதற்குத் தெரியாது. சுமை ஏறிவிட்டது என்று நினைத்துப் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடும். ஈரச் சாலையில் அவசரமாக மிதித்தால் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வால் சுற்றும். அந்தக் கம்பியைப் புதிய உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்யாமல் அப்படிப்பட்ட வண்டியின் சாவியை நான் திருப்பித் தருவதில்லை.

அந்த 'டொக்' வண்டியை 15 மி.மீ. உயர்த்தி, உதவி ஸ்பிரிங் போட்டு அனுப்பினேன். ஸ்பிரிங் கொஞ்சம் படியும் என்பதால் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் வரச் சொல்லியிருந்தேன். வந்தார். பூட்டு வளையம் இறுக்கமாகவே இருந்தது. இடது முன்பக்கம் மட்டும் 4 மி.மீ. தாழ்ந்திருந்தது.