டிபார்ட்மென்டல் ஸ்டோர் என்றால் என்ன கடை?

சென்னையில் யாரைக் கேட்டாலும் டிபார்ட்மென்டல் ஸ்டோர் என்றால் மளிகைக் கடைதான். துவரம்பருப்பு, சோப்பு, பிஸ்கெட், தயிர்ப் பாக்கெட். கூடையை எடுத்துக்கொண்டு நாமே அடுக்குகளுக்கு நடுவே நடந்து வேண்டியதை எடுக்கலாம் என்பதுதான் பழைய மளிகைக் கடைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம். போன வருடம் அமெரிக்காவிலிருந்து வந்த என் அக்கா மகன், புரசைவாக்கத்தில் அப்படி ஒரு பலகையைப் பார்த்துவிட்டுச் சட்டை வாங்க உள்ளே போனான். போன வேகத்தில் திரும்பி வந்து, "மாமா, உள்ள அரிசியும் பருப்பும்தான் இருக்கு" என்றான். அவன் மேல் தப்பே இல்லை. அவன் வளர்ந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். அந்தப் பொருளுக்குரிய கடை ஒரு காலத்தில் நம் மவுண்ட் ரோட்டிலேயே இருந்தது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். டிபார்ட்மென்ட் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. பிரித்தல், பங்கிடுதல் என்பது அடிப்படை. அதற்கும் அடியில் பங்கு என்று பொருள்படும் லத்தீன் சொல் இருக்கிறது. ஸ்டோர் என்பதும் பழைய பிரெஞ்சு வழி வந்ததுதான். தொடக்கத்தில் அதற்குக் கடை என்ற பொருள் இல்லை. சேர்த்து வைத்த இருப்பு என்பதே பொருள். நம் வீட்டு ஸ்டோர் ரூமில் அந்தப் பழைய பொருள் இன்னும் இருக்கிறது. அதைக் கடைக்குரிய சொல்லாகப் பரப்பியவர்கள் அமெரிக்கர்கள். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒரே வாசலுக்குள் வரிசையாகப் பல குடித்தனங்கள் இருந்த வீட்டையும் ஸ்டோர் என்றுதான் சொன்னார்கள். கடன் வாங்கிய சொல்லை இந்த ஊர் தன் இஷ்டத்துக்கு வளைத்துக்கொள்ளும் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

சரி, டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்று உலகம் எதைச் சொல்கிறது? ஒரே முதலாளி, ஒரே கூரை, உள்ளே பல துறைகள். துணிக்கு ஒரு துறை, பாத்திரத்துக்கு ஒன்று, செருப்புக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் கொள்முதல், தனி ஆட்கள், தனிக் கணக்கு. பாரிஸ் நகரத்து போன் மார்ஷே கடையில் 1852இல் பங்காளியாகச் சேர்ந்த அரிஸ்தித் பூசிக்கோதான் இதற்கு ஒரு முழு உருவம் கொடுத்தவர் என்பார்கள். விலையை எழுதி ஒட்டினார், பேரத்தை நிறுத்தினார், பிடிக்காததைத் திருப்பித் தரலாம் என்றார், வாங்காமல் சும்மா சுற்றிப் பார்க்கவும் விட்டார். நம் வியாபாரிகள் கறார் விலை என்பார்களே, அதுதான் இந்தக் கடைகளின் உயிர். அந்தக் கறார் விலையை ஜப்பானின் எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்தில் 1673இல் தொடங்கிய எச்சிகோயா என்ற துணிக்கடை இன்னும் முன்பே கொண்டுவந்துவிட்டது. பின்னாளில் அந்தக் கடைதான் மிட்சுகோஷி என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஆனது.

இப்போது மவுண்ட் ரோட்டுக்கு வருவோம். 1860களில் சார்லஸ் டுரன்ட்டும் ஜே. டபிள்யூ. ஸ்பென்சரும் தொடங்கிய ஸ்பென்சர்ஸ் கடை, யூஜின் ஓக்‌ஷாட் கையில் வளர்ந்து, 1895இல் இந்தோ சாரசெனிக் (இந்திய, ஐரோப்பியப் பாணிகள் கலந்த) கட்டடத்துக்குக் குடிபோனது. அங்கே 80க்கும் மேற்பட்ட துறைகள் இருந்தன. திண்டுக்கல் சுருட்டு வரைக்கும் அவர்கள் வியாபாரம். பெயருக்கும் பொருளுக்கும் பிளவே இல்லாத கடை அது. 1983இல் அந்தக் கட்டடம் தீயில் போனது. அதே இடத்தில் பின்னால் எழுந்த ஸ்பென்சர் பிளாசா வேறு இனம்: கூரை ஒன்று, முதலாளிகள் நூற்றுக்கணக்கில். அதற்குப் பெயர் மால். இந்த வேறுபாட்டை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அப்புறம் ஸ்பென்சர் என்ற பெயர் மளிகையும் காய்கறியும் விற்கும் கடைகளின் நெற்றியில் ஏறியது. டிபார்ட்மென்டல் ஸ்டோர் என்ற சொல்லுக்கு நேர்ந்த சுருக்கம் அந்தப் பெயருக்கும் நேர்ந்தது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

சொல் எப்படிச் சுருங்கியது? என் எண்ணம் இது. அண்ணாச்சி கடையில் நாம் சீட்டை நீட்டுவோம், அவர் எடுத்துப் பொட்டலம் கட்டி சணல் சுற்றித் தருவார். பிறகு கூட்டுறவுக்காரர்கள் பெரிய கடைகளைத் திறந்தார்கள். சிந்தாமணி, காமதேனு எல்லாம் அப்படி வந்தவை. அண்ணா நகரில் பஸ் நிறுத்தத்துக்கே சிந்தாமணி என்று பெயர் வரும் அளவுக்கு அந்தக் கடை பெயர் எடுத்தது. நாமே எடுத்துக்கொள்ளும் இந்தப் புது முறையில் மாவு ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம் என்று பிரிவுகள் இருந்தன. தெருக்கடைக்காரரும் அடுக்குகளை அமைத்து, தன் கடை வெறும் மளிகை இல்லை என்று காட்ட ஒரு கனமான பெயரைத் தேடினார். நடுவில் ஒரு 'அல்' சேர்த்து டிபார்ட்மென்டல் ஆக்கியதும் நம் நாட்டு வழக்கம்தான்.

இதில் பெரிய வேடிக்கை, நிஜமான டிபார்ட்மென்ட் ஸ்டோர் தி. நகரில் நம் கண் முன்னே நிற்கிறது, நாம்தான் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. ரங்கநாதன் தெருவில் சரவணா ஸ்டோர்ஸில் மாடி மாடியாகப் பாத்திரம், துணி, வீட்டுச் சாமான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த போத்தீஸ் ஜவுளியில் தொடங்கி மளிகை வரை விற்கிறது. நாமோ "ஜவுளிக்கடைக்குப் போறோம்" என்கிறோம். போன் மார்ஷேயும் எச்சிகோயாவும் துணியிலிருந்து கிளைத்தவைதானே? நம் ஊர்க் கடைகளும் அதே வேரில் வளர்ந்திருக்கின்றன.

மற்ற நாடுகளில் இந்தக் கடைகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் சியர்ஸ் 2018 அக்டோபரில் திவால் மனு கொடுத்தது. ஜப்பானில் 1700இல் தொடங்கிய ஓனுமா 2020 ஜனவரியில் மூடியதும், யமகதா மாகாணத்தில் இப்படி ஒரு கடைகூட இல்லை என்றானது. நம் நாட்டில் காலக்கணக்கு வேறு. ஷாப்பர்ஸ் ஸ்டாப் மும்பையில் தொடங்கியது 1991இல். லைஃப்ஸ்டைல் இந்தியாவில் முதல் கடையைச் சென்னையில் திறந்தது 1999இல். இவை பெரும்பாலும் மாலுக்குள் இருப்பதால், மக்கள் வாயில் தனிப்பெயர் கிடைக்காமலே போய்விட்டது.

இனி தமிழ்ச் சொல். பலகைகளில் பரவலாக இருப்பது பல்பொருள் அங்காடி. ஜப்பானியர்களும் நூறு பொருள் கடை என்றுதான் எழுதுகிறார்கள், ஆகவே அது பிழையான சிந்தனை இல்லை. ஆனால் பெட்டிக்கடையிலும் பல பொருள் உண்டு. பொருள்களின் எண்ணிக்கை இந்தக் கடையின் அடையாளம் ஆகாது, துறைகளாகப் பிரிந்து நிற்பதுதான் அடையாளம். அதனால் பல்துறை அங்காடி என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. துறையங்காடி என்று சுருக்கலாமே என்பார்கள். துறைமுகம் நினைவுக்கு வரும், வேண்டாம். துறை ஆற்றில் இறங்கும் இடமாக இருந்து கிளை, பிரிவு என்று விரிந்த சொல். அங்காடிக்கு வயது அதிகம்: மதுரைக்காஞ்சியில் பகலில் கூடும் நாளங்காடியும் இரவில் கூடும் அல்லங்காடியும் வருகின்றன. மலையாளத்தில் அங்ஙாடி, கன்னடத்திலும் தெலுங்கிலும் அங்கடி என்று அது இன்றும் பேச்சில் புழங்குகிறது. நம் பேச்சில் கடை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது, அங்காடி பலகையோடு நின்றுவிட்டது.

பல்பொருள் அங்காடி என்பதைத் தெருமுனைக் கடைக்கே விட்டுவிடலாம், அதற்குப் பொருந்துகிறது. கூட்டுறவுக்காரர்கள் சூப்பர் மார்க்கெட்டுக்கு வைத்த சிறப்பங்காடி, மாலுக்கு வணிக வளாகம், இரண்டும் நல்ல சொற்கள். எங்கள் தெரு அண்ணாச்சி பலகையைப் புதுப்பிக்கும்போது தமிழில் என்ன எழுதலாம் என்று கேட்டார். பல்பொருள் அங்காடி என்று எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு தம்பி, கீழ மளிகைன்னும் போட்டுருவோம்" என்றார். இரண்டும் இப்போது பலகையில் இருக்கின்றன.