நான்கு போர்ட் கார்டு வாங்கும் முன்: சிப்பைப் பாருங்கள், ஸ்லாட்டைப் பாருங்கள்

பழைய கம்ப்யூட்டரை வீட்டு ரவுட்டராக மாற்ற நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "நாலு போர்ட் நெட்வொர்க் கார்டு எது மலிவு?" என்பதுதான். நாலு போர்ட் எதற்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். இணைய இணைப்புக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று, வைஃபை பெட்டிக்கு ஒன்று என்பார்கள்.

பணம் வீணாவது இந்தக் கணக்கில்தான். கடையில் வாங்கும் ரவுட்டரின் பின்புறம் உள்ள லேன் போர்ட்டுகளுக்குப் பின்னால் ஒரு சுவிட்ச் சிப் இருக்கிறது. டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே போகும் டேட்டாவை அதுவே கைமாற்றிவிடும், பிராசசருக்கு வேலை இல்லை. நெட்வொர்க் கார்டில் நாலு போர்ட்டும் தனித்தனி. அவற்றை ஒரே வலையாக்க மென்பொருளில் பிரிட்ஜ், அதாவது போர்ட்டுகளை இணைக்கும் பாலம், போட வேண்டும். அப்புறம் ஒரு போர்ட்டிலிருந்து பக்கத்துப் போர்ட்டுக்குப் போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் பிராசசர் வழியாகத்தான் போய்வரும். பெரும்பாலான வீடுகளுக்குத் தேவை இரண்டே போர்ட்: வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. உள்ளே ஒரு சாதாரண கிகாபிட் சுவிட்ச் போதும். கேமராக்களையும் விருந்தினர் வைஃபையையும் தனியாகப் பிரிக்க ஆசை என்றால், விலேன் வசதியுள்ள சுவிட்ச் ஒன்று போதும்; ஒரே கேபிளில் பல வலைகள் போகும்.

நாலு போர்ட் உண்மையாகவே பயன்படும் இடங்களும் உண்டு. இரண்டு இணைய இணைப்புகள் வைத்து, ஒன்று விழுந்தால் மற்றொன்றுக்கு மாறுவது ஒன்று. வெளியிலிருந்து அணுகக்கூடிய சர்வரைத் தனிப் போர்ட்டில் ஒதுக்கிவைப்பது இன்னொன்று. ஒரே கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் பல தனிக் கம்ப்யூட்டர்களை, அதாவது மெய்நிகர் இயந்திரங்களை, ஓட்டி, ரவுட்டர் இயந்திரத்துக்கு மட்டும் சில போர்ட்டுகளை நேரடியாகக் கொடுப்பதும் உண்டு. இந்த மூன்றில் ஒன்று உங்கள் தேவை என்றால், மேலே படியுங்கள்.

கார்டு வாங்குவது என்றால் உண்மையில் அதிலுள்ள சிப்பை வாங்குவதுதான். கிகாபிட் வேகத்துக்கு நான் முதலில் தேடுவது இன்டெல் ஐ350 சிப் உள்ள நாலு போர்ட் கார்டு. 2011-இல் வந்த வடிவமைப்பு அது. நாலு போர்ட்டும் ஒரே சிப்பில் இருக்கின்றன. ஒவ்வொரு போர்ட்டுக்கும் பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசைகள் எட்டு இருப்பதால் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடிகிறது. லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி ஆகிய இயங்குதளங்களில் இதற்கான ஐஜிபி என்ற டிரைவர் பல ஆண்டுகளாக உழைத்துப் பக்குவப்பட்டது. அதற்கு முந்தைய தலைமுறையின் 82580 சிப்பும் ஒரே சிப்பில் நாலு போர்ட் தருவது. நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். சர்வர்களிலிருந்து கழற்றப்பட்ட எச்பி, டெல் கார்டுகள் பலவற்றில் இருப்பதும் இதே சிப்கள்தான். எச்பியின் 366டி என்பது ஐ350, என்சி365டி என்பது 82580. எச்பி 331டி-யில் இருப்பது பிராட்காம் 5719. அதுவும் ஒழுங்காக வேலை செய்யும்.

இவற்றைவிட மலிவாகக் கிடைப்பது 82571 சிப் உள்ள பழைய கார்டுகள், எச்பி என்சி364டி போன்றவை. அவற்றில் இரண்டு சிப்பும் நடுவே ஒரு பாலச் சிப்பும் இருக்கும். வேலை செய்யும், ஆனால் சூடு அதிகம், மின்சாரமும் அதிகம். ரவுட்டர் இரவு பகலாக ஓடுவது. ஒரு வாட் கூடுதலாக இழுத்தால் ஆண்டுக்கு 8.76 கிலோவாட் மணி கூடும். வாங்கும்போது மிச்சமானது கரண்ட் பில்லில் மெல்லப் போய்விடும்.

சரி, சிப் முடிவாகிவிட்டது. அடுத்தது ஸ்லாட், நான் பார்க்கும் தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கின்றன. மிக மலிவாகக் கிடைக்கும் நீளமான நாலு போர்ட் கார்டுகள் சில பிசிஐ-எக்ஸ் வகை. அது இன்றைய கம்ப்யூட்டர்களில் இருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் பொருந்தவே பொருந்தாது. பெயர் ஒரே மாதிரி ஒலிப்பதால் ஏமாறுகிறார்கள், படத்தில் பல்வரிசையைப் பாருங்கள். சர்வருக்குள் மட்டும் செருகும் தனி வடிவக் கார்டுகளும் விற்பனைக்கு வருகின்றன. எச்பியில் மாதிரிப் பெயர் எஃப்எல்ஆர் என்று முடியும். டெல்லில் டாட்டர் கார்டு என்று குறிப்பிட்டிருப்பார்கள். சிப் அருமையாக இருக்கும், ஆனால் உங்கள் மதர்போர்டில் செருக இடமே இருக்காது. 366டி, 366எஃப்எல்ஆர் இரண்டுக்கும் வித்தியாசம் கடைசி எழுத்துகளில்தான் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள்.

ஐ350 நாலு போர்ட் கார்டு எக்ஸ்4 அளவு, அதாவது டேட்டா போகும் பாதைகள் நான்கு. நீளமான எக்ஸ்16 ஸ்லாட்டில் தாராளமாக உட்காரும். ஆனால் நீளமாகத் தெரியும் இரண்டாவது ஸ்லாட்டுக்குள் உண்மையில் எத்தனை பாதைகள் இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதை மதர்போர்டு கையேட்டில் பார்க்க வேண்டும். இரண்டாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரு பாதை ஒரு திசைக்கு நொடிக்கு 500 மெகாபைட் தரும். முதல் தலைமுறையில் 250தான். ஒரு கிகாபிட் என்பது 125 மெகாபைட். ஒரே ஒரு இணைய இணைப்பை ரவுட் செய்ய ஒரு பாதையே போதும். நாலு போர்ட்டும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓட வேண்டும் என்றால்தான் ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் தேவை. சின்னப் பெட்டிக்குள் வைப்பவர்கள், கார்டைப் பெட்டியில் பிடித்துவைக்கும் தகடான பிராக்கெட், குட்டையானது, கூடவே வருகிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

இப்போது போலிகள். ஐ350 பெயரில் போலிக் கார்டுகள் சந்தையில் நிறைய இருக்கின்றன. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை, ஏனென்றால் போலி முதல் நாளே சாகாது. வெயில் நாளில், அதிகப் பளு ஏறும்போது, ஒரு போர்ட் மட்டும் இணைப்பை விட்டுவிட்டுப் பிடிக்கும். வீட்டில் இருப்பவர்கள் இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள். கம்ப்யூட்டர் 8086:1521 என்று அடையாள எண் காட்டினால் ஐ350 சிப் என்று பொருள். ஆனால் அந்தப் போர்டை யார் செய்தார்கள், சுற்றியுள்ள பாகங்கள் எப்படிப்பட்டவை என்பதை அந்த எண் சொல்லாது. புத்தம் புதியது, இன்டெல் பெட்டியில் இருப்பது, விலையோ பழைய கார்டைப் போல என்றால் நான் தொடவே மாட்டேன். அதே பணத்துக்கு, பெரிய சர்வர் நிறுவனத்தின் ஸ்டிக்கரும் பாக எண்ணும் உள்ள, பயன்படுத்திக் கழற்றிய கார்டுதான் நம்பகமானது. தூசி படிந்திருந்தாலும் பரவாயில்லை.

2.5 கிகாபிட் வேண்டும் என்றால் கதை வேறு. ஐ350 அந்த வேகத்துக்கு ஏறாது. மலிவான நாலு போர்ட் 2.5 கிகாபிட் கார்டுகளில் ஒற்றைப் போர்ட் சிப்கள் நான்கும், அவற்றைச் சேர்க்கும் பிசிஐ சுவிட்ச் ஒன்றும் இருக்கும். பல கார்டுகள் எக்ஸ்1 அளவுதான். நாலு போர்ட்டுக்கும் அந்த ஒரு பாதையே பங்கு. இன்டெல் ஐ225 சிப்பின் ஆரம்பப் பதிப்புகளில் சில சுவிட்சுகளோடு பாக்கெட் இழக்கும் குறை இருந்தது. பி3 பதிப்பில் சரிசெய்தார்கள். ஐ226 அதற்கு அடுத்தது, அதையே தேடுங்கள். இன்டெலுக்குப் போட்டியான ரியல்டெக் நிறுவனத்தின் சிப் லினக்ஸில், லினக்ஸ் மேல் நிற்கும் ரவுட்டர் மென்பொருளான ஓபன்டபிள்யூஆர்டியில் ஒழுங்காக ஓடும். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் என்ற ரவுட்டர் மென்பொருள்கள் இரண்டும் ஃப்ரீபிஎஸ்டி மேல் நிற்பவை. அங்கே ரியல்டெக் என்றால் நான் இன்றும் தயங்குவேன்.

இன்னொரு விஷயமும் உண்டு. உங்கள் இணைப்பு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ வகை என்றால், ஃப்ரீபிஎஸ்டி ரவுட்டரில் உள்ளே வரும் பாக்கெட்டுகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் சேரும். கார்டில் எட்டு வரிசை இருந்தும் பயன் குறைவு. அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது பிராசசரின் ஒற்றைக் கோர் வலிமை. கார்டை மாற்றி மாற்றிப் பார்த்து ஓய்ந்தவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

சர்வர் கார்டுகளில் மின்விசிறி இருக்காது, சர்வருக்குள் அடிக்கும் காற்றை நம்பி ஹீட் சிங்க் மட்டும் வைத்திருப்பார்கள். மூடிய பெட்டிக்குள் வைத்தால், மெதுவாகச் சுழலும் சின்ன மின்விசிறி ஒன்றை அதன் பக்கம் திருப்பிவிடுங்கள்.

கார்டு கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன் சோதித்துவிடுங்கள். ஒவ்வொரு போர்ட்டிலும் மற்றொரு கம்ப்யூட்டரை இணைத்து, வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 என்ற மென்பொருள் கொண்டு இரு திசையிலும் சில மணி நேரம் ஓட்டுங்கள். கிகாபிட் போர்ட் நொடிக்கு 940 மெகாபிட் அளவுக்கு நிலையாக நிற்க வேண்டும். பிறகு போர்ட்டின் பிழை எண்ணிக்கையைப் பாருங்கள். சிஆர்சி பிழைகள், அதாவது வழியில் சிதைந்துபோன பாக்கெட்டுகள், ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளை மாற்றுங்கள். நல்ல கேபிளிலும் அதே போர்ட்டில் பிழை வந்தால், மற்ற மூன்று போர்ட் இருக்கிறதே என்று சமாதானம் செய்துகொள்ளாமல் கார்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.