உட்பல் வளையம்: இன்டர்னல் கியருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

என் தங்கை மகன் திருமங்கலத்துக்காரன். இப்போது வளைகுடா நாடு ஒன்றில் கார் பட்டறையில் வேலை செய்கிறான். அங்கே மஸ்தா ஆர்எக்ஸ்-8 போன்ற ரோட்டரி இன்ஜின் வண்டிகள் பழுதுக்கு வருகின்றன. ஏறி இறங்கும் பிஸ்டனுக்குப் பதிலாக மூன்று முனையுள்ள ரோட்டர் சுழலும் இன்ஜின் அது. மதுரைப் பக்கம் அந்த இன்ஜினைப் பிரித்துப் பார்த்தவர்கள் அரிது. ஒரு நாள் இரவு போன் செய்தான்.

"மாமா, இன்டர்னல் கியரைக் கழட்டிப் பாக்கச் சொன்னாங்க. நான் வேற கியரைக் கழட்டிட்டேன்."

இன்டர்னல் என்றால் உள்ளே இருப்பது. இன்ஜினுக்குள்ளே இருக்கும் கியர்தானே என்று நினைத்திருக்கிறான். பின்பக்கச் சுவரில் போல்ட் போட்டு நிற்கும் கியரைக் கழற்றிவிட்டான். அதன் ஓ-ரிங், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், கிழிந்து, புதியது வாங்கி மாட்டும்வரை அரை நாள் போனது. பையன் டிப்ளமோ படித்தவன், ஆங்கிலம் தெரியாதவன் இல்லை. அந்தச் சொல்லே அப்படித்தான் திசைமாற்றும். இன்ஜின் உள்ளே இருக்கிற எல்லாக் கியரும் உள்ளேதானே இருக்கிறது?

இன்டர்னல் கியரில் 'உள்' என்பது பல்லுக்குச் சேர வேண்டியது. சாதாரணப் பற்சக்கரத்தில் பல் வெளி விளிம்பில் இருக்கும். இதில் ஒரு வளையம், அந்த வளையத்தின் உள்விளிம்பில் பல். அவ்வளவுதான் விஷயம். அது எங்கே மாட்டியிருக்கிறது என்பதற்கும் பெயருக்கும் தொடர்பில்லை.

கியர் என்ற ஆங்கிலச் சொல்லில் பல் என்ற எண்ணமே கிடையாது. பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் கெர்வி என்றால் உடை, தளவாடம். அதன் உறவாகத்தான் கியர் வந்தது. போர்வீரன் அணியும் கவசமும் கியர், குதிரைக்குப் பூட்டும் சேணமும் கியர், வேலைக்காரன் தூக்கிப் போகும் சாமான்களும் கியர். பல்லுள்ள சக்கரத்துக்கு அந்தப் பெயர் வந்தது 16ஆம் நூற்றாண்டில். நம் ஊருக்கு வந்து அது இன்னொரு பொருளும் எடுத்துக்கொண்டது. "தேர்டு கியர் போடு" என்று சொல்லும்போது யாரும் சக்கரத்தை நினைப்பதில்லை, வேகத்தைத்தான் நினைக்கிறோம்.

ரோட்டரி இன்ஜினை உருவாக்கியவர் ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெல். என்எஸ்யு என்ற ஜெர்மன் வாகன நிறுவனத்தில் 1957இல் அவருடைய முதல் மாதிரி ஓடியது. அதை விடாமல் வளர்த்து, காஸ்மோ ஸ்போர்ட் காரில் வைத்து 1967இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் மஸ்தா. இந்த இரண்டு நாட்டு மொழிகளிலும் கியருக்கு என்ன பெயர் என்று பார்த்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஜெர்மனில் ட்சான்ராட்: ட்சான் என்றால் பல், ராட் என்றால் சக்கரம். ஜப்பானியத்தில் ஹகுருமா: ஹ பல், குருமா சக்கரம். எழுத்துக்கு எழுத்து நம் பற்சக்கரம்! இன்டர்னல் கியரை ஜப்பானியர் உச்சி-ஹகுருமா என்கிறார்கள். நம் உச்சி இல்லை, அங்கே உச்சி என்றால் உள். ஜெர்மானியர் ஹோல்ராட் என்கிறார்கள், குடைவான சக்கரம்.

தமிழுக்கு இது புதிய வழி இல்லை. ரம்பத்துக்குப் பல் உண்டு, சீப்புக்குப் பல் உண்டு, கருக்கரிவாளுக்குப் பல் உண்டு. பூண்டைக்கூடப் பல் பல்லாகத்தான் உரிக்கிறோம். பட்டறையில் கியர் என்று சொல்கிறவர்கூட அடுத்த நொடியே "ரெண்டு பல்லு போயிருச்சு", "பல்லு தேஞ்சிருச்சு" என்றுதான் பேசுகிறார். பாதிச் சொல் ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது.

இயந்திரத்துக்கும் மதுரைக்கும் உள்ள உறவும் பழையது. மதுரைக் கோட்டை மதிலில் இருந்த போர்க்கருவிகளைச் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை 'பொறி' என்று சொல்கிறது. தேனூரைப் பாடும் சங்கப் பாட்டு ஒன்றில் கரும்பு ஆட்டும் எந்திரம் யானைபோலப் பிளிறுகிறது. சோழவந்தான் போகிற வழியில் வைகைக் கரையில் தேனூர் என்ற ஊர் இன்றும் இருக்கிறது.

சரி, சொற்களுக்கு வருவோம். பாடநூல்களிலும் அகராதிகளிலும் பற்சக்கரம், பல்லிணை இரண்டும் இருக்கின்றன. இலங்கையில் பற்சில்லு என்பார்கள். பல்லிணை அழகான சொல்தான், ஆனால் அதில் 'இணை' இருக்கிறது. ஒரு பல் இன்னொரு பல்லோடு சேர்ந்து ஓடும் ஜோடிக்கு அது பொருந்தும். கையில் தனியாக எடுத்து வைத்திருக்கும் ஒரு சக்கரத்தைப் பல்லிணை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனியாக இருந்தால் பற்சக்கரம், ஜோடியாக ஓடினால் பல்லிணை என்று வைத்துக்கொள்வது நல்லது.

இன்டர்னல் கியருக்கான சொல் எனக்குக் கிடைத்தது புதூரில் ஒரு லேத் பட்டறையில். அங்கே வெளிப்பல்லை மில்லிங் மிஷினில் வெட்டுவார்கள், உள்பல்லை ஸ்லாட்டிங் மிஷினில் எடுப்பார்கள். வேலை செய்கிற அண்ணனிடம் படத்தைக் காட்டிக் கேட்டேன். "உள்பல்லு ரிங்கு, அண்ணே" என்றார். யோசிக்கக்கூட இல்லை. எழுத்தில் உள்ளும் பல்லும் சேர்ந்தால் உட்பல். நடுவில் அச்சுக்குத் துளையிட்ட குடம் இல்லாததால் சக்கரம் என்பதைவிட வளையம் சரி. உட்பல் வளையம். வெறும் ரிங் கியர் என்று சொன்னால் நம் பட்டறைகளில் இன்ஜின் தண்டின் முனையில் இருக்கும் கனமான சக்கரத்தை, அதாவது ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் வளையத்தைத்தான் நினைப்பார்கள். அதற்குப் பல் வெளியே. அதை வெளிப்பல் வளையம் என்று பிரித்துச் சொல்லலாம்.

இனி ரோட்டரி இன்ஜினுக்குள் இது என்ன செய்கிறது என்று பார்ப்போம். மூன்று முனையுள்ள ரோட்டரைச் சுழலி என்று சொல்கிறேன். உட்பல் வளையம் அந்தச் சுழலியின் ஒரு பக்கத்தில் பதிந்திருக்கிறது. மஸ்தாவின் 13பி வகை இன்ஜினில் அதற்கு 51 பல். அதனோடு பொருந்தும் வெளிப்பல் சக்கரம் பக்கச் சுவரில் போல்ட் போட்டு அசையாமல் நிற்கிறது, அதற்கு 34 பல். மருமகன் கழற்றியது இதைத்தான். ஆங்கிலத்தில் ஸ்டேஷனரி கியர். நான் நிலைப்பற்சக்கரம் என்பேன். கதவு திரும்பினாலும் நிலை நின்ற இடத்தில் நிற்கிறதே, அந்த நிலை. 51க்கு 34 என்றால் மூன்றுக்கு இரண்டு. இந்தக் கணக்கால்தான் அச்சுத்தண்டு மூன்று முறை சுற்றும்போது சுழலி ஒரே முறை சுற்றுகிறது.

இந்தப் பல்லிணை இன்ஜினின் சக்தியைக் கடத்துவதில்லை. வெடிப்பின் தள்ளல் சுழலியின் பேரிங் வழியாக நேரே தண்டுக்குப் போய்விடுகிறது. சுழலி எந்த நேரத்தில் எந்தத் திசை பார்த்து நிற்க வேண்டும் என்பதை மட்டும் பற்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆனாலும் பற்களில் அடி விழுகிறது. அதைத் தாங்கத்தான் உட்பல் வளையத்தைச் சுழலியோடு இறுக ஒட்டாமல், சுற்றிலும் குழாய்போன்ற ஸ்பிரிங் பின்களால் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பின்கள் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், பல் தப்பிக்கும்.

கழற்று என்ற சொல் இங்கே நன்றாகப் பொருந்துகிறது. கழலுதல் என்றால் நெகிழ்ந்து நழுவுவது. மெலிந்த கையிலிருந்து வளை கழல்வதைப்போல. வளையத்தை நெம்பி எடுக்கக் கூடாது. சுழலிக்கும் வளையத்துக்கும் சேர்த்து அடையாளம் போட்டு, முதலில் பின்களை உருவ வேண்டும். அப்புறம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகத் தூக்கினால் அது கழன்று வரும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் இடுக்கிக்கொள்ளும். எடுத்த பிறகு பற்களில் விரிசலோ தேய்மானமோ இருக்கிறதா என்று கழுவித் துடைத்துப் பார்க்க வேண்டும்.

திருப்பிப் போடுவதை மாட்டுவது என்பதைவிடப் பட்டறைச் சொல்லான ஏற்றுவது என்பதே சரி. பேரிங் ஏற்றுவதுபோலத்தான் இதையும் நேராக, கோணாமல் ஏற்ற வேண்டும். பின்களுக்கான துளைகள் நேருக்கு நேர் வந்தால் இடம் தானாக அமையும். வளையம் அடி வரை உட்கார்ந்ததா என்று சுற்றிலும் பார்த்துவிட்டுப் புதிய பின்களைப் போடுவது நல்லது.

இதையெல்லாம் மருமகனிடம் போனில் சொன்னேன். மறுநாள் ஒரு படம் அனுப்பியிருந்தான். இரண்டு தட்டுகள், ஒன்றில் மார்க்கரால் 'உட்பல்', இன்னொன்றில் 'நிலை' என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு கேள்வி: "மாமா, ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள்ள ஒரு ரிங்கு இருக்கே, அதுக்கும் பல்லு உள்பக்கம்தான். அதுவும் இதுதானா?"

அதுவும் இதுதான், மாப்ள.