பாய்வு வேகம்: சொல் விளக்கம்

சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் ஊருக்குள் புகுந்தது என்று எழுதுவது பெரும்பிழை. அது 4,000 மீட்டர் ஆழக் கடலில் அலை செல்லும் வேகம். தெருவில் ஓடும் நீருக்கு உரியது பாய்வு வேகம். இரண்டையும் பிரித்துக் காட்டத் தமிழ் வினைகளே போதும்.

அலைதல் என்பது இருந்த இடத்தை ஒட்டி அங்குமிங்கும் அசைவது. அலை அதிலிருந்து வந்த பெயர். நடுக்கடலில் நடப்பதும் அதுதான். அங்கே 1 மீட்டர் உயர அலை கடக்கும்போது நீர் நொடிக்குச் சுமார் 5 சென்டிமீட்டரே நகரும். அலையின் வடிவம்தான் விரைகிறது. கரையேறியதும் நீரே முன்னோக்கிப் பாய்கிறது. வாய்க்கால் நீருக்கும் புலிக்கும் நாம் சொல்லும் அதே பாய்தல்.

சுனாமி ஜப்பானியச் சொல்: 'சு' துறைமுகம், 'நாமி' அலை. ஆழிப்பேரலை 2004க்குப் பின் பரவியது. கடல் நிலத்தைக் கொள்வதைச் சொல்லும் கடற்கோள் அதைவிடப் பழையது. ஊர் மூழ்குவதற்கு அதுவே பொருத்தம். வேகம் வடசொல் என்பவர்கள் பாய்வு விரைவு எனலாம்.

பாய்வு வேகத்தைக் கணிக்க எளிய வழி காணொளி. அதில் தெரியும் இரண்டு மின்கம்பங்களின் இடைவெளியை நேரில் அளந்து, மிதக்கும் பலகை அதைக் கடக்கும் நொடிகளை எண்ண வேண்டும். 35 மீட்டரை 7 நொடியில் கடந்தால் நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர். கேமரா சாய்ந்து பார்த்தால் தூரம் குறுகித் தெரியும்; அளந்த நான்கு புள்ளிகளாவது வைத்துப் படத்தை நேராக்காமல் கணக்கிடக் கூடாது. எங்காவது சிக்கி இழுபடும் பொருளையும் தவிர்க்க வேண்டும். 2004 சுனாமியில் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே நகரில், கடலிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே, இப்படிக் கிடைத்தது நொடிக்கு 2 முதல் 5 மீட்டர்.

காணொளி இல்லாத இடத்தில் சுவர்க்கறை, அதாவது நீர் சுவரில் விட்டுச்சென்ற தடம், உதவும். தடுக்கப்பட்ட நீர் முன்சுவரில் ஏறும், பின்சுவரில் தாழும். அந்த உயர வேறுபாட்டை 2 × 9.81ஆல் (9.81 என்பது புவியீர்ப்பு முடுக்கம்) பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் தோராய வேகம் வரும்: 1 மீட்டர் வேறுபாட்டுக்கு நொடிக்கு 4.4 மீட்டர். தெறித்த கறையை நீர்மட்டம் என்று நம்பி 1.5 மீட்டர் எனக் குறித்தால் 5.4 ஆகிவிடும். சிறிய பிழை போலத் தெரிந்தாலும், விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் கட்டடத்தின் மேலான தள்ளல் ஒன்றரை மடங்காகும்.

திசையையும் சேர்த்தே குறிக்க வேண்டும். 2011 சுனாமியில் ஜப்பானின் கெசென்னுமாவில் கணித்த நொடிக்கு 11 மீட்டர், கடலுக்குத் திரும்பிய நீரின் வேகம். அதற்குச் சொல் மீள்பாய்வு.